மூன்று லட்சத்துக்குள் ஓட்டச் சுகமான பழைய கார்: நெல்லைப் பக்கத்துக்கு எது தோதுப்படும்?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி: "கையில் மூன்று லட்சம் இருக்கு. கடன் வாங்கப் போவதில்லை. மைலேஜ் இரண்டாம் பட்சம். வளைவில் திருப்பும்போதும் கியர் மாற்றும்போதும் மனசு நிறையணும். ஸ்விஃப்ட், ஃபிகோ, புன்டோ, போலோ ஜிடி நாலையும் பார்த்து வச்சிருக்கேன். எதை எடுக்கட்டும் அண்ணாச்சி?"

தம்பி, கார் பெயருக்குப் போகுமுன் கணக்கைப் போட்டுவிடுவோம். மூன்று லட்சம் இருந்தால் காருக்கு 2,15,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸுக்கு 15,000. எண்ணெய், கூலன்ட், பெல்ட், ஃபில்டர் வகையறாவுக்கு 15,000. நாலு டயருக்கு 20,000. ஷாக் அப்சார்பர், புஷ், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் எல்லாம் கூலியோடு 22,000. மீதி 13,000 பையிலேயே இருக்கட்டும். வாங்கிய மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஒன்று அதைக் கேட்கும். கடை, காரைப் பொறுத்து இந்தத் தொகைகள் முன்னே பின்னே போகலாம், ஆனால் இந்தப் பங்கீடு மாறக்கூடாது. முழுப்பணத்தையும் காரில் கொட்டிவிட்டுத் தேய்ந்த டயரிலும் செத்த ஷாக்கிலும் ஓட்டினால், எந்தப் பெயர்பெற்ற காரும் மாட்டுவண்டிதான்.

ஓட்டச் சுகம் என்றதும் குதிரைத்திறனைப் பார்ப்பது வழக்கம். நம் பக்கத்துச் சாலைகளில் எடைதான் முதலில் கணக்குக்கு வரும். செங்கோட்டை தாண்டிப் புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில் முன்னால் ஒரு லாரி முனகிக்கொண்டு போகும். அங்கே இரண்டாம் கியரில் 25 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள்தான் உங்கள் ஆட்டமெல்லாம். பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் சாலையும் அப்படியே. 950 கிலோ கார் அங்கே சொன்னபடி மூக்கைத் திருப்பும், பிரேக்கையும் டயரையும் குறைவாகத் தின்னும். 110 குதிரைத்திறன் காட்டுவதற்கு இடமே கிடையாது. மாஞ்சோலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வனத்துறை அனுமதி வாங்கிப் போகிற கரடுமுரடான பாதை அது, தரையோடு தரையாய் இறக்கிய கார் அடிவாங்கித்தான் திரும்பும்.

இனி கார்கள்.

என் முதல் ஓட்டு 2011 ஆகஸ்டுக்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு. 1,197 சி.சி. கே12எம் இன்ஜின், 87 குதிரைத்திறன், எடை 960 கிலோவை ஒட்டி. நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு (ஆர்.பி.எம்.) மேல்தான் உயிர் வரும், அதனால் மேட்டில் கியரைக் குறைத்து ரேஸ் கொடுத்து ஓட்டத் தெரிந்தவருக்கே இது இனிக்கும். வால்வுகளை இயக்க, குறித்த ஓட்டத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஸ்டீயரிங் மின்சார வகை என்பதால் கைக்குச் சாலை முழுசாகத் தெரியாது. அது ஒன்றுதான் குறை. வழக்கமாகப் போகிறவை: முன் ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டீயரிங் ராக்கில் 'டொக் டொக்' சத்தம், வால்வு கவர் கேஸ்கெட்டில் எண்ணெய்க் கசிவு, கிளட்ச் கேபிள் இறுக்கம். எதுவுமே காரை நடுவழியில் நிறுத்தாது. அம்பையிலும் வள்ளியூரிலும் கூட சாமான் அன்றே கிடைக்கும். இதே இன்ஜின் ரிட்ஸ் காரிலும் உண்டு. மூஞ்சி பிடிக்காததால் ஆள் தேடமாட்டார்கள், விலை இறங்கும். உயரம் கூடுதல் என்பதால் வளைவில் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்.

2005இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டின் 1.3 பெட்ரோலும் நல்ல இன்ஜின்தான், ஆனால் அது டைமிங் பெல்ட் வகை. பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றாத கார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டு தாண்டியதை எடுத்தால் எஃப்.சி. (தகுதிச் சோதனை) பார்த்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் செலவும் உங்கள் தலையில்தான்: அரசுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டினால் அதைவிடக் கூடும்.

விஷயம் தெரிந்தவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது ஹோண்டா பிரியோ. 1,198 சி.சி., 88 குதிரைத்திறன், ஸ்விஃப்ட்டைவிடவும் இளைத்த உடம்பு, கியர் விழுவது வெண்ணெய் மாதிரி. டிக்கி என்று சொல்ல ஒன்றும் கிடையாது, சாலைச் சத்தம் உள்ளே வரும், பின்கதவு முழுக்கக் கண்ணாடி என்பதால் உடைந்தால் செலவு. தனியாளோ தம்பதியோ ஓட்டுவதற்கு இந்தப் பணத்தில் இதைவிடச் சுறுசுறுப்பான கார் இல்லை. பிரியோ, ஜாஸ், சிட்டி எதுவானாலும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து டகாட்டா கம்பெனியின் குறையுள்ள ஏர்பேக்கை மாற்றித் தரும் ரீகால் வேலை முடிந்ததா என்று ஷோரூமில் கேட்டுவிடுங்கள். ஹோண்டா பல ஆண்டுகளாகப் பழைய கார்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்து வந்த வேலை அது.

ஸ்டீயரிங் சுகம்தான் வேண்டும் என்றால் 2010–2015 ஃபிகோ. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்குத் தெரியும். சஸ்பென்ஷன் அமைப்பிலும் ஃபோர்டு கைதேர்ந்தது. 1.2 பெட்ரோல் 71 குதிரைத்திறன்தான், மேட்டில் மூச்சு வாங்கும். 1.4 டீசல் 69 குதிரைத்திறன் என்றாலும் 160 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்) இருப்பதால் புளியரை ஏற்றத்தில் கியரைத் தொடாமலே இழுக்கும். அந்த டீசலில் டைமிங் பெல்ட் உண்டு. மீட்டர் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்து பில் காட்ட முடியாவிட்டால், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள். 2013இல் பின் ஆக்சிலுக்கும் பவர் ஸ்டீயரிங் ஹோஸுக்கும் சேர்த்து ஃபிகோ, கிளாசிக் இரண்டிலும் சுமார் 1.66 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. வேலை நடந்ததா என்று பாருங்கள், ஹோஸ் இணைப்பில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிளட்ச் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கசிந்தால் பெட்டியையே இறக்க வேண்டும். எனவே கிளட்ச் மாற்றும் நாளில் அதையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்தி. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்துவிட்டாலும் சர்வீஸும் சாமானும் நிற்கவில்லை. பம்பர், லைட் மாதிரி உடல் சாமான்களுக்கு மட்டும் மதுரைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டிவரும்.

புன்டோ? ஓட்டிப் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். கனத்த ஹைட்ராலிக் ஸ்டீயரிங், நெடுஞ்சாலையில் தண்டவாளத்தில் போகிற நிதானம். 1.3 மல்ட்டிஜெட் டீசல் எடுத்தால் இன்ஜின் சாமானுக்குக் கவலையில்லை, ஸ்விஃப்ட் டீசலுக்குள் இருப்பதும் அதே குடும்பத்து இன்ஜின்தான். கதவுப் பிடி, விண்டோ மோட்டார், ஹெட்லைட் என்று மற்றவை போனால்தான் அலைச்சல். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் எடுங்கள். ஒரே வண்டி என்றால் வேண்டாம். 1.2 பெட்ரோல் புன்டோவை எந்த நிலையிலும் வேண்டாம். அந்த உடம்புக்கு 68 குதிரைத்திறன் போதாது.

போலோ ஜிடி டிஎஸ்ஐ அருமையான கார். 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். ஆனால் மூன்று லட்சத்துக்கு வருகிற ஜிடி ஏன் அந்த விலைக்கு வருகிறது என்று யோசிக்க வேண்டும். அதன் ஏழு கியர் உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஊர் நெரிசலும் வெயிலும் ஆகாது. கியரை மாற்றிவிடும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் நீங்கள் காருக்குக் கொடுத்த பணத்தில் பாதியை அதுவே கேட்கும். மூன்று சிலிண்டர் 1.2 சாதா போலோ கட்டுமானத்தில் கெட்டி, ஓட்டத்தில் சோம்பல்.

ஹோண்டா சிட்டி, ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 இரண்டையும் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். நாலுவழிச் சாலை ஓட்டமே அதிகம் என்றால் இரண்டும் நல்லவை. ஒரு சின்னக் கணக்கு மட்டும்: சிட்டி 1,497 சி.சி., ஃபியஸ்டா 1,596 சி.சி. 1,500க்கு மேல் போனால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேறு படி. 2022இல் வந்த அட்டவணைப்படி ஆண்டுக்கு 3,416க்குப் பதில் 7,897. பணம் இரண்டு லட்சத்துக்குள்தான் என்றால் 68 குதிரைத்திறன் ஆல்டோ கே10 எடுத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டலாம். ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே போகும்போது மட்டும் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டுவைத்தார்கள்.

மாடலைவிட இங்கே முக்கியமானது, கார் எந்தத் தண்ணீரைப் பார்த்தது என்பது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி, நெல்லை சந்திப்புப் பக்கம் என்று எத்தனையோ கார்கள் முங்கின. கழுவித் துடைத்துப் பாலீஷ் போட்டு அவை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில் தெரியும் இரும்புக் கிளாம்ப், ஸ்டெப்னிப் பள்ளம் மூன்றிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். தரைவிரிப்பை மூலையில் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அழுத்தி முகர்ந்தால் பொய் சொல்லாது. பத்து வருஷக் காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதுசு என்றால் வந்த வழியே திரும்புங்கள். வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்ஜின் பிரச்சினை முதலிலேயே தெரிந்துவிடும். ஒயரிங் கனெக்டருக்குள் பூக்கும் பச்சைக் களிம்புதான் ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாய்ப் பழிவாங்கும்.

கடலோரக் காருக்கு வேறு வியாதி. திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி உப்பளப் பக்கம் நின்ற கார்களில் கதவின் கீழ்விளிம்பு, சைலன்சர், பிரேக் பைப், பின் ஸ்பிரிங் உட்காரும் தட்டு எல்லாம் அரித்திருக்கும். வெளியே புது அண்டர்கோட்டிங் கருப்பாய் மின்னினால் சாவியால் லேசாகத் தட்டுங்கள். 'ணங்' என்றால் இரும்பு, 'தப்' என்றால் பட்டி.

மூன்றாவது, ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியிருந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்து ரேடியேட்டர் அடைத்திருக்கும், அலுமினிய ஹெட்டும் அரித்திருக்கும். இதோடு ஒட்டிய இன்னொரு கைவேலை: "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று, கூலன்ட் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. சூடேறுகிற காரை விற்கும்வரை சூடேறாமல் வைக்க இது ஒரு தந்திரம். கண்டுபிடிப்பது எளிது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) செருகி, நாலுவழியில் 80 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கூலன்ட் சூடு 85 முதல் 95 டிகிரிக்குள் நிலையாய் நிற்க வேண்டும். 60, 70 என்று தணிந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு நிறுத்தி ஏ.சி. போட்டு கால்மணி நேரம் ஐடிலில் விடுங்கள்; 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஃபேன், ரேடியேட்டர் அல்லது ஹெட் கேஸ்கெட், மூன்றில் ஒன்று. அதே ஸ்கேனரில், கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் என்ற பக்கம் இருக்கும். பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருமுன் யாரோ பிழைக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பார்க்கப் போவது காலையில், இன்ஜின் ஆறிய நிலையில். கன்சல்டிங்காரரிடம் (பழைய கார் விற்பவர்) முன்கூட்டியே "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லுங்கள்; போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. டீசலானால் ஐடிலில் எண்ணெய் மூடியைத் திறந்து மேலே வையுங்கள். லேசாக ஆடலாம், புகை அடித்துத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. மல்ட்டிஜெட்டில் குளிர்ந்த ஸ்டார்ட்டில் செயின் கரகரப்பு சில விநாடிக்கு மேல் நீடித்தால் விலை பேசவே வேண்டாம்.

கிளட்சுக்கு: நாலாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் முழு ஆக்சிலேட்டர். ஆர்.பி.எம். முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் போச்சு. கியர் வழுக்கி விழ உதவும் சிங்க்ரோவுக்கு: மூன்றிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று இறக்குங்கள், கடித்தால் பெட்டி திறக்க வேண்டிவரும். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் 'கடக் கடக்' என்பது ஆக்சில் ஜாயின்ட். 60, 70 வேகத்தில் ஹம் சத்தம் வந்து, வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். வேகத்தடையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள், சஸ்பென்ஷன் தன் குறையைத் தானே சொல்லும்.

அடிபட்ட காரைப் பார்க்க பெயின்ட்டைவிட போல்ட் நம்பகமானது. ஃபெண்டர், பானெட் கீல் போல்ட் தலைகளில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. கதவு பீடிங்கை (ஓரத்து ரப்பர் பட்டை) உருவிப் பார்த்தால் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வரிசையாய்ப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அந்த இடம் வழவழப்பாக இருந்தால் டிங்கரிங். பம்பர், கதவு மாறியது பெரிசில்லை. பானெட்டுக்குள் பக்கவாட்டுத் தகடான முன் ஆப்ரானும், சேசிஸின் நீளச் சட்டமும் நிமிர்த்தப்பட்டிருந்தால் அந்தக் கார் எந்த அலைன்மென்ட்டுக்கும் அடங்காது, ஓட்டச் சுகத்துக்கு வாங்குபவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

எடுத்த முதல் வாரம் மொத்தத் திரவத்தையும் மாற்றுங்கள். இன்ஜின் எண்ணெய் ஸ்விஃப்ட்டுக்கு மூன்று லிட்டரும் கொஞ்சமும், கூலன்ட் கலந்தே வருவது, கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய் டாட் 4. இந்தக் கடைசியை யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும்; புளியரையில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் அந்த ஈரம் ஆவியாகி மிதி பஞ்சாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்குத்தான். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் பத்து வயதுக்கு மேற்பட்ட பெட்ரோல் காரில் ரப்பர் எரிபொருள் ஹோஸ்களையும் பாருங்கள். விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், சில நூறு ரூபாய் வேலை.

டயர்தான் ஓட்டச் சுகத்தின் பாதி. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வயது தாண்டியிருந்தால் பட்டன் இருந்தாலும் நம் வெயிலில் அது மரக்கட்டைதான். ஸ்விஃப்ட் கீழ் வேரியன்ட்டில் வரும் 165/80 ஆர்14 டயரின் விட்டம் 620 மி.மீ.; மேல் வேரியன்ட்டின் 185/65 ஆர்15 ஏறக்குறைய 622. ஸ்பீடோமீட்டர் மாறாது. அதே கார் ரிம் நாலைப் பழையதாக வாங்கிப் போட்டால் வளைவில் கிடைக்கும் மாற்றம், அதே பணத்துக்கு வேறு எதிலும் கிடைக்காது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கினால் ஷாக் மூன்றே மாதத்தில் கசியும். பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கூம்பு ஃபில்டர் சூடான காற்றையும் தேரிக்காட்டுச் செம்மணலையும்தான் இழுக்கும்.

இனி காகிதம். கேரளக் கார் மலிவாய் வருகிறது என்று புனலூர், திருவனந்தபுரம் பக்கம் போனால், அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைச் சான்று) படிவம் 28, இங்கே புது நம்பருக்குப் படிவம் 27, தமிழ்நாட்டு ஆயுள் வரி மூன்றையும் விலையில் கூட்டிப் பாருங்கள். டெல்லியில் பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் தடை என்று வந்ததிலிருந்து அங்கத்துக் கார்களும் தெற்கே வருகின்றன, அதே கணக்குதான். டிஎன் 72, 76 என்று உள்ளூர்க் கார் என்றால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; கடன் இருந்ததென்றால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க வங்கிக் கடிதத்தோடு படிவம் 35. வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்றக் கொடுக்க வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்குக் கொண்டுவர வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது. பிரீமியம் கூடினால் ஆச்சரியப்படாதீர்கள். நிலுவை அபராதத்தைப் பரிவாஹன் தளத்தில் பார்த்து, அட்வான்ஸ் கொடுக்குமுன் அவரையே கட்டச் சொல்லுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று காலையில் அவர் கேமராவில் மாட்டியதற்கு மாலையில் வாங்கிய நீங்கள் பதில் சொல்லாமல் இருக்க அந்த மணிக்கணக்குதான் சாட்சி.